மேலத் தெரு ரொம்ப தூரம்

நல்லமடையில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் வண்டிமலையானுக்கு வழி சொல்லவும் தெரியாது, சொன்ன வழியில் போகவும் தெரியாது என்பது அந்தச் சின்ன ஊரில் பஸ் நேரத்தைப் போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் கிரைண்டர் நின்றுபோனால் யாரும் அவரை வீட்டுக்குக் கூப்பிடாமல், கல்லும் தொட்டியுமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அவர் கடைக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். கூப்பிட்டால் வராமல் இருக்க மாட்டார், ஆனால் எந்த வீட்டுக்கு வருவார் என்பதை அவராலேயே சொல்ல முடியாது. பேரிலேயே வண்டி இருக்கிறது, வழிதான் இல்லை என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், ஏனென்றால் கோபித்துக்கொண்டு கிளம்பினால் எங்கே போய்ச் சேர்வோம் என்ற பயம் அவருக்கு உண்டு.

இப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்து மூன்று வயதில், பதினாறு வருஷப் பழைய மோட்டார் சைக்கிளில் ஒரு ஜி.பி.எஸ். கருவியை மாட்டுவது என்று முடிவு செய்தார் என்றால் அதற்குக் காரணம் மகள் முத்துப்பிரியாவின் கல்யாணம். ஆவணியில் முகூர்த்தம், நானூறு பத்திரிகை, நானூறு வாசலிலும் போய் நின்று தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். அதில் ஒரு வாசலைப் பற்றி மட்டும் மனைவி ஆவுடையம்மாள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"எந்த வீட்டுக்கு வேணும்னாலும் நான் கூட வாரேன். எங்க அண்ணன் வீட்டுக்கு மட்டும் நீங்க தனியாத்தான் போவணும். நான் வந்தா அண்ணன் என் மூஞ்சிக்காக வரும். நீங்க கூப்பிட்டு அது வரணும். தாய்மாமன் மாலை இல்லாம எம்பிள்ள மணவறைல உக்காந்தா, நான் அங்கன நிக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

ஆவுடையம்மாள் சொன்னால் சொன்னதுதான். அண்ணன் ஊர்க்காவலனின் வீடு மேலத் தெருவில், இவர்கள் இருப்பது கீழத் தெருவில். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு நடந்தால் நாக்கு சிவப்பதற்குள் போய்விடலாம், அந்த வீட்டுக்கு வண்டிமலையான் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. "அதைக் கடைசியா வச்சிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு, மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கோவில்பட்டிக்குக் கருவி வாங்கப் போனார், போகும் வழியில் இரண்டு தடவை வழி கேட்டார்.

அங்கே வண்டிச் சாமான் கடை வைத்திருந்த ஜெசிந்தா நிதானமான பெண், வாங்க வந்தவரின் வண்டியை முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பொருளையே எடுத்துக் காட்டுவாள். முதலில் போனைச் சொருகி வைக்கும் பிடி ஒன்றைக் காட்டினாள், ஆனால் பாதி வழியில் யாராவது கூப்பிட்டால் படம் மறைந்து பேர் வந்துவிடும் என்று தெரிந்ததும் வண்டிமலையான் தலையாட்டி மறுத்துவிட்டார், ஏனென்றால் அவரைப் பாதி வழியில் கூப்பிடாமல் ஆவுடையம்மாளால் இருக்க முடியாது. அடுத்தது ரப்பர் குமிழால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது, அது கார்க்காரர்களுக்கு. இன்னொன்று பளபளவென்று பெரிதாக இருந்தது, வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் அவர் முகம்தான் தெரிந்தது. கடைசியாக எடுத்தது தடித்த ரப்பர் உறை போட்டது, மழைக்கு அஞ்சாது, மத்தியான வெயிலிலும் எழுத்து தெரியும், பார்ப்பதற்குச் சோப்புப் பெட்டி மாதிரி இருக்கும்.

"இதுதான் அண்ணாச்சி உங்க வண்டிக்கு. உங்க வண்டி ஆடுற ஆட்டத்துக்கு வேற எதுவும் தாங்காது" என்றாள் ஜெசிந்தா.

பட்டனை அமுக்கினாள். கருவி கண் விழித்து, செய்தி வாசிக்கிற குரலில், "எங்கே போக வேண்டும்?" என்று கேட்டது.

ஆவுடையம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "வெளிய கெளம்புற மனுசனப் பாத்து எங்க போறன்னு கேக்குதே, இது வெளங்குமா? இது வேண்டாம்மா. வேற குடு."

வேறு எதைக் கொடுத்தாலும் அதையேதான் கேட்கும் என்று ஜெசிந்தா சொன்னாள், சொல்லும்போதே அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அவள் வீட்டிலும் கிளம்புகிறவரைப் பார்த்து அப்படிக் கேட்டால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள், தெரிந்தே ஆக வேண்டுமென்றால் "தூரமா?" என்று கேட்டு, சொல்வதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கருவியை நோண்டிவிட்டு, அது பேசுகிற பேச்சை வேண்டிய குரலில் பதிந்துகொள்ளும் வசதி ஒன்றைக் கண்டுபிடித்து, ஆவுடையம்மாளின் வாய்க்கு அருகில் நீட்டினாள். முப்பது வருஷமாகப் புருஷன் செருப்பைப் போடும்போதெல்லாம் கேட்ட அதே தோரணையில் ஆவுடையம்மாள், "தூரமா?" என்று கேட்டாள். கருவி அதை வாங்கிக்கொண்டது.

மாட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. ஹேண்டிலில் இரும்புப் பட்டையைச் சுற்றி, நடுங்காமல் இருக்க உள்ளே ரப்பர் வைத்து, நாலு திருகையும் மாற்றி மாற்றி இறுக்கி, பாட்டரியிலிருந்து ஒயரை டேங்குக்கு அடியில் இழுத்து, நடுவில் ஒரு பியூஸ் போட்டு, பிளாஸ்டிக் வாரால் கட்டிவிட்டு, "ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க, ஒயர் இழுபடக் கூடாது" என்றாள். எல்லோருக்கும் வலது பக்கம் மாட்டும் அவள் இவருக்கு மட்டும் இடது பக்கம் மாட்ட வேண்டியிருந்தது, காரணம் வண்டிமலையான் நொட்டாங்கைக்காரர், அப்பா எட்டு வயது வரை அடித்துப் பார்த்துக் கை ஓய்ந்து விட்டுவிட்டதால் சோறும் அந்தக் கையால்தான். ஊருக்கு வந்ததும் பிள்ளையார் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினார்கள், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பூசாரி கருவியின் திரைக்கு நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்து அழுத்தினார், உள்ளே ஏதோ ஒன்று டிக் என்றது.

மறுநாள் காலை முதல் பத்திரிகை மதுரையிலிருந்த ஒன்றுவிட்ட சித்திக்கு. மூன்று மணி நேரப் பயணம் என்று ஆவுடையம்மாள் புளிச்சோறு கட்டியிருந்தாள். வண்டிமலையான் சாவியைத் திருகினார். கருவி மனைவியின் குரலில், "தூரமா?" என்று கேட்டது. மனைவி பின்னால் உட்கார்ந்திருக்க மனைவியின் குரல் முன்னாலிருந்தும் வந்ததில் சற்றுத் தடுமாறி, ஆனாலும் முப்பது வருஷப் பழக்கத்தில், தூரமா என்று கேட்டால் உலகத்தில் எந்த ஆம்பளையும் சொல்லும் பதிலையே அவரும் சொன்னார்: "இல்ல, இங்கனதான். பக்கத்துலதான்."

பெட்ரோல் பங்கைத் தாண்டி இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார், பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியைத் தாண்டி வலப்பக்கம் என்றது, திரும்பினார், அங்கே மதுரையில் சித்தி குடியிருந்த தெரு இருந்தது, சித்தி வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று, "வாங்க வாங்க, எப்பக் கெளம்புனீங்க?" என்று கேட்டாள். இப்பதான், என்றார்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் சித்தியும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது அடுப்பில் முத்துப்பிரியா வைத்த பால் பொங்கியிருக்கவில்லை, புளிச்சோற்றை மூன்று பேருமாகக் காலைப் பலகாரமாகச் சாப்பிட்டார்கள்.

இதைக் கேள்விப்பட்ட நல்லமடை ஊர் முதலில் செய்த காரியம், அதற்கு யார் காரணம் என்று சண்டை போட்டதுதான். பூசாரி வைத்த சந்தனம் என்று கோயில் தெருவும், எலுமிச்சம்பழம் என்று சந்தைக்காரர்களும், அதெல்லாம் இல்லை, கருவிக்குச் சொன்னதை நம்பும் புத்தி, நாம்தான் சொல்வதைச் சொல்லிவிட்டு வேறு மாதிரி நடந்து பழகிவிட்டோம் என்று தபால்காரர் வேலம்மாளும் சொன்னார்கள். இரண்டு நாளில் சலித்துப்போய், சரி, நமக்கு இதனால் என்ன ஆக வேண்டும் என்ற விஷயத்துக்கு வந்துவிட்டார்கள். பத்திரிகை வைக்கப் போகும் வண்டியில் பின்னால் தொற்றிக்கொண்டு ஒருத்தர் சென்னையில் பல் பிடுங்கிக்கொண்டு வந்தார், ஒருத்தி சேலத்துப் பேரனுக்குச் சூடு ஆறாமல் பணியாரம் கொடுத்துவிட்டு வந்தாள். பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டவர்கள் வண்டியில் போனால் வேண்டுதல் செல்லுமா என்று கேட்டதற்குப் பூசாரி ஒரு ராத்திரி யோசித்து, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்.

தொந்தரவும் வந்தது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வராமல் இருக்க நல்லமடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஒரே சாக்கு, தூரம் என்பது, அது போயிற்று. நாகர்கோவிலில் பெண் எடுத்தவர்களின் மாமியார்கள், இப்போது பக்கத்தில்தானே என்று கேட்க ஆரம்பித்தார்கள். தூரத்துச் சொந்தம் என்று ஒதுக்கிவைத்திருந்த ஆட்களை இனிமேல் என்ன சொந்தம் என்று சொல்வது என ஒரு வீட்டில் அண்ணன் தம்பி நாலு பேரும் கூடிப் பேசி, முடிவு கிடைக்காமல் எழுந்து போனார்கள். பஸ் கண்டக்டர் ஒருத்தர் மட்டும் வண்டிமலையானைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவர் முன்பும் அப்படித்தான்.

பன்னிரண்டு நாளில் முன்னூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. மிச்சம் ஒன்று. அது அலமாரியில் மஞ்சள் தடவிய முனையோடு கிடந்தது, ஆவுடையம்மாள் அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் அதை எடுத்து முன்னால் வைத்தாள். முகூர்த்தத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. மாமா வருவாரா என்று முத்துப்பிரியா அம்மாவிடம் கேட்டதும், அம்மா சுளகை எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்ததும் வண்டிமலையான் காதில் விழுந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். முத்துப்பிரியாவுக்கு வருஷக்கணக்கில் தள்ளிப்போன காது குத்து, சாஸ்தா கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். வெளியூரில் வேலையாக இருந்த ஊர்க்காவலன் கம்மலும் பட்டுப்பாவாடையுமாக நேரே கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு, புதுக் கோயில், வழி தெரியாது என்று போனில் கேட்டார். வண்டிமலையான் விவரமாகத்தான் சொன்னார்: "தீப்பெட்டி ஆபீஸ் விலக்கு ரோட்டுல வந்து சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க மச்சான். அஞ்சு நிமிசம்." உலகத்துக்கெல்லாம் சோத்தாங்கை என்றால் வலது கை. இவர் சோறு தின்பது இடது கையால். ஊர்க்காவலன் வலது பக்கம் திரும்பி, மூன்று மைல் போய், பாலத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டி, வந்து சேர்ந்தபோது பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் உட்காரவைத்து இரண்டு காதும் குத்தி முடித்திருந்தார்கள். நல்ல நேரம் போய்விடும் என்று அவசரப்படுத்தியவரும் வண்டிமலையான்தான். வேண்டுமென்றே செய்தாய் என்றார் அவர். எதைச் சொன்னாலும் ஏறுக்குமாறாகக் கேட்டால் நான் என்ன செய்ய என்றார் இவர். தப்பு எந்தக் கையில் என்று அன்று இரவு சோற்றில் கை வைத்தபோதே வண்டிமலையானுக்கு விளங்கிவிட்டது, மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம், வெட்கமாக இருந்தது, அந்த வெட்கம் வருஷா வருஷம் கெட்டிப்பட்டுவிட்டது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வேட்டி மாற்றி, தட்டைப் பையில் வைத்து, வண்டியில் உட்கார்ந்தார். ஆவுடையம்மாள் வாசல்படியில் நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதைக் கருவி அவள் குரலில் கேட்டது.

"தூரமா?"

இங்கனதான் என்று சொல்ல வாயைத் திறந்தார். முன்னூற்றுத் தொண்ணூற்று ஒன்பது தடவை தானாக வந்த வார்த்தை வரவில்லை. வாசலில் நிற்பவளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே பொய் சொல்ல முடியாமல், மெதுவாக, "ரொம்ப தூரம்" என்றார்.

சரி என்று கருவி வழி போட்டது. தேரடியைச் சுற்றி மேலத் தெருவுக்குள் திரும்பினார், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார், பலசரக்குக் கடையைத் தாண்டினார், அடுத்து வர வேண்டிய ஊர்க்காவலன் வீடு வரவில்லை. தெரு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. வீடுகள் தீர்ந்து கரிசல் காடு வந்தது, அதிலும் மைலுக்கு ஒரு பச்சைப் பலகை, மேலத் தெரு என்று. காற்றாலைகள் வந்தன, வற்றிய கண்மாய் வந்தது, பெயர் தெரியாத ஊரில் டீ குடித்தார், அந்த ஊரும் மேலத் தெருவில்தான் இருந்தது. நேராகச் செல்லவும் என்பதைத் தவிரக் கருவி வேறொன்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டிமலையான் சரியான வழியில் போய்க்கொண்டிருந்தார்.

போகிறபோதே சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். கிளம்பும்போது அது நீளமாக இருந்தது: மச்சான், நடந்தது நடந்துபோச்சு, ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு, நீங்களும் விலக்குல யாரையாவது விசாரிச்சிருக்கலாம், நல்ல நேரம் போயிருமேன்னுதான் நான் அவசரப்பட்டேன், அதுக்காக எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசியிருக்க வேண்டாம், பரவால்ல, வாங்க. காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது, எல்லார் முன்னாலயும் பேசியது உதிர்ந்தது. கண்மாய்க் கரையில், விசாரித்திருக்கலாம் என்பது போயிற்று, அந்த விலக்கில் விசாரிக்க ஓர் ஆள் கிடையாது என்பது அவருக்கே தெரியும். வெயில் உச்சிக்கு வந்தபோது ரெண்டு பேர் மேலயும் என்பதைச் சொல்லிப் பார்த்தார், பாதியிலேயே அதையும் விட்டுவிட்டார். வழியோரமாக ஒரு பெண்பிள்ளை செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை, குடித்துவிட்டுப் போனார்.

அந்த மோரைத் தான்தான் கொடுத்ததாக மேலத் தெரு நாச்சியார் பிற்பாடு சொன்னாள். மேலத் தெருவுக்குத் தெரிந்த வரையில், வண்டிமலையான் காலை எட்டேகாலிலிருந்து பலசரக்குக் கடைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் வண்டி ஓட்டிக்கொண்டே இருந்தார், சக்கரம் சுற்றியது, புழுதி கிளம்பியது, ஆள் வந்து சேரவில்லை. போகிற ஆளை எங்கே என்று கேட்கக் கூடாது என்பதால் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் வண்டிக்கு இடைஞ்சல் இல்லாமல் அந்தப் பக்கமாகப் போய் விளையாடினார்கள், தண்ணீர் லாரிக்காரன் மரியாதையாக ஒதுங்கி நின்றுவிட்டுப் போனான்.

ஊர்க்காவலனும் தன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு, வந்தால் கதவைச் சாத்த வேண்டும் என்று நினைத்தார். பதினொரு மணிக்குப் பெண்டாட்டியைக் கூப்பிட்டு ஓர் ஆழாக்கு அரிசி கூடப் போடச் சொன்னார். ஒரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது, அவன் வரட்டும் என்றார். மூன்று மணிக்கு மேல் அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

நாலு மணிக்கு வண்டியில் பெட்ரோல் தீர்ந்தது. வண்டிமலையான் இறங்கித் தள்ளினார், ஒத்திகை பார்த்ததில் இப்போது ஒரே ஒரு வரிதான் மிச்சம் இருந்தது. சட்டென்று வண்டி லேசானது. திரும்பிப் பார்த்தால் பின்னால் சீட்டில் கை வைத்து ஊர்க்காவலன் தள்ளிக்கொண்டிருந்தார், அவருக்கு அது வாசலிலிருந்து நாற்பதே எட்டு வைக்கும் தூரம்.

"நான்தான் தப்பா வழி சொன்னேன் மச்சான்" என்றார் வண்டிமலையான்.

ஊர்க்காவலன் தள்ளுவதை நிறுத்தவில்லை. "தெரியும். அன்னைக்கே தெரியும்" என்றார். கொஞ்ச தூரம் போய்ச் சொன்னார்: "நீ நொட்டாங்கைன்னு எனக்குத் தெரியாதா மாப்ள. உன் கல்யாணப் பந்தில உன் பக்கத்து எலைல உக்காந்து இடிபட்டவன் நான்தான். விலக்குல நின்னப்ப இடது பக்கம் கோயில் கொடிகூடத் தெரிஞ்சுது. நீ சொன்ன லட்சணம் எல்லாருக்கும் தெரியட்டும்னு, வேணும்னே வலது பக்கம் திரும்புனேன். ஒரு பத்து நிமிசம் பிந்திப் போயி உன்னைய நாலு வார்த்த கேக்கணும்னு ஆசை. பாலத்துல லாரி மறிச்சிக்கிடும்னு யாருக்குத் தெரியும்."

வண்டிமலையானுக்கு முதலில் வந்தது கோபம்தான். பதினோரு வருஷம் தனியாகச் சுமந்த குற்றத்தில் பாதிக்கு இன்னோர் ஆள் இருந்திருக்கிறார், இரண்டு தெரு தள்ளி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. ஆனால் கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும், காலையிலிருந்து ஒரு டீயும் ஒரு செம்பு மோரும்தான், அதுவுமில்லாமல் அந்த மனிதர் அழுதுகொண்டே வண்டி தள்ளுவதைப் பார்த்துவிட்டு என்ன கோபப்படுவது. வண்டியை ஸ்டாண்டு போட்டார். தட்டை எடுத்து வெற்றிலையைத் துடைத்து வைத்து, தெரு நடுவிலேயே, நானூறாவது பத்திரிகையை நீட்டினார். ஊர்க்காவலன் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். அப்புறம் இரண்டு பேரும் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்கள், முழங்கை இடிக்காமல் இருக்க எதிரெதிராக.

முகூர்த்தம் ஆறரைக்கு. அன்று விடியற்காலை நாலு மணிக்கு மண்டபத்துக்காரர் சாவியோடு வந்தபோது, பூட்டியிருந்த வாசலுக்கு முன்னால், பட்டுச் சட்டை போட்டு, மடியில் ரோஜா மாலையோடு ஒருத்தர் படியில் உட்கார்ந்திருந்தார். பூக்காரர் போலிருக்கிறது என்று நினைத்த மண்டபத்துக்காரர், பூவெல்லாம் பின்வாசல் வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ஊர்க்காவலன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.